வண்ணக்கர் இல்லாத சந்தை: செங்கற்பட்டுக் கரையில் காசுமாற்றுத் தொழிலின் வரலாறு

சிங்கப்பெருமாள் கோயில் இன்று செங்கற்பட்டு மின்ரயில் தடத்தின் ஒரு நிலையமாகவும், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடத்துக்குப் பிரியும் சந்திப்பாகவும் பலருக்கு அறிமுகமாகியிருந்தாலும், அவ்வூருக்குப் பெயர் தந்தது பல்லவர் காலத்தில் குன்றின் வயிற்றைக் குடைந்து எடுக்கப்பட்ட பாடலாத்ரி நரசிம்மர் கோயிலே ஆகும். அக்கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. தொண்டை மண்டலத்துக் கோயிற் கல்வெட்டுகளை இறைபக்திக்கான ஆவணங்களாக மட்டும் வாசிப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பொன் எவ்வளவு கொடுக்கப்பட்டது, அது எந்த மாற்றுடையது, யாரிடம் வைக்கப்பட்டது, அதிலிருந்து என்ன வருவாய் எவ்வளவு காலம் வர வேண்டும் என்பவற்றைச் சொல்லும் பணக் கணக்குகளே. காசு எதுவாக இருந்தாலும் அதைச் சோதித்துச் சொல்வதற்கும், மாற்றித் தருவதற்கும், காத்து வைப்பதற்கும் ஒருவர் தேவைப்படுகிறார் என்பதையும், அவரைக் கேள்வி கேட்கும் இடம் ஒன்று இல்லாவிட்டால் காசை ஒப்படைத்தவரே இழப்பைச் சுமக்கிறார் என்பதையும் இந்த வட்டாரம் பல நூற்றாண்டுகளாக அறிந்திருக்கிறது. பிட்காயின் முதலிய கிரிப்டோ காசுகளைக் கணக்கிட்டு எடுக்கும் இயந்திரங்களை முன்பணம் கட்டி வாங்கி ஏமாந்தவர்களும், அவற்றை விற்று வாங்கும் பரிமாற்றகங்களில் சேமிப்பைத் தொலைத்தவர்களும் அண்மைக் காலத்தில் அடைந்த துன்பத்தை அந்த நீண்ட வரலாற்றின் தொடர்ச்சியாகப் பார்ப்பதே பொருத்தமானது.

காசைச் சோதிக்கும் தொழிலுக்குத் தமிழில் மிகப் பழைய பெயர் உண்டு. நாணயத்தின் தரம் அறிந்து சொல்பவர் வண்ணக்கர் எனப்பட்டார். சங்கப் புலவர்களுள் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் எனத் தொழிற்பெயரைத் தம் பெயரோடு சேர்த்து வழங்கியவர்கள் இருந்தமை அத்தொழிலுக்கு அன்றிருந்த மதிப்பைக் காட்டுகிறது. பிற்காலத்தில் இதே வேலை ‘நோட்டம்’ என்றும், அதைச் செய்பவர் நோட்டக்காரர் என்றும் வழங்கலாயிற்று. பொன்னை உரைகல்லில் உரைத்து, அதன் கோட்டின் நிறத்தைத் தரம் தெரிந்த பொன்னின் கோட்டோடு ஒப்பிட்டு மாற்றுக் காண்பது இவர்களின் முறை. நெருப்பிலிட்டுச் சோதித்த பொன்னைக் கல்வெட்டுகள் தீப்போக்குச் செம்பொன் என்றும், அன்றைய நாளில் தடையின்றிச் செல்லும் காசை அன்றாடு நற்காசு என்றும் குறித்தன. செல்லும் காசு, செல்லாக் காசு என்ற வேறுபாடு ஆவணத்திலேயே எழுதி வைக்க வேண்டிய அளவுக்கு முக்கியமாக இருந்தது.

செல்லும் காசிலும் முழு மதிப்புக்குச் செல்லாதவை இருந்தன. ஒரு காசை மாற்றும்போது அதன் தேய்வுக்காகவோ தரக் குறைவுக்காகவோ பிடித்துக்கொள்ளும் கழிவுக்கு ‘வாசி’ என்று பெயர். ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் திருவீழிமிழலையில் பாடிய பதிகம் ஒன்று வாசி பிடிக்கப்படாத காசு வேண்டும் என்று இறைவனிடமே கேட்கிறது. பஞ்ச காலத்தில் அடியார்க்கு அமுது படைப்பதற்காக நாவுக்கரசருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு கோயிலில் கிடைத்ததாகவும், சம்பந்தருக்குக் கிடைத்த காசைக் கடையில் வாசி கழித்து மாற்றி வருவதற்குள் பொழுது ஏறி, அவர் மடத்தில் மட்டும் சமையல் தாமதமானதாகவும் பெரிய புராணம் கூறுகிறது. அந்நூலை இயற்றிய சேக்கிழார் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வடக்கே உள்ள குன்றத்தூரில் பிறந்தவர். பக்திக் கதையாக நூற்றாண்டுகளைக் கடந்து வந்திருக்கும் இந்நிகழ்ச்சியின் உள்ளே, கையிலிருக்கும் காசுக்கும் கடைக்காரர் தரும் விலைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டால் ஏழை வீட்டு அடுப்பு எரியத் தாமதமாவதை நன்றாக அறிந்த ஒரு சமூகத்தின் குறை பதிவாகியுள்ளது என்பதைக் கவனிக்க வேண்டும்.

செங்கற்பட்டுக்குத் தென்மேற்கே உள்ள உத்திரமேரூரின் பெயர், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட குடவோலைத் தேர்தல் கல்வெட்டுகளால் உலகெங்கும் தெரிந்திருக்கிறது. அதே ஊர்ச் சபை பொன்னைச் சோதிப்பதற்குச் செய்த ஏற்பாடு அதே அளவுக்கு வியப்புக்குரியதாக இருந்தும், அதிகம் பேசப்படவில்லை. பொன் நோட்டத்தில் தேர்ந்தவர்களின் பெயர்களைக் குடவோலையில் எழுதித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும், அவர்கள் யாருக்கும் சார்பின்றிப் பொன் காண வேண்டும் என்றும் சபை விதித்தது. உரைகல்லில் உரைத்தபோது ஒட்டிய பொன் துகளை மெழுகால் ஒற்றி எடுத்து, அம்மெழுகை ஏரி வாரியத்திடம், அதாவது ஊர் ஏரியைப் பராமரிக்கும் குழுவிடம், ஒப்படைக்க வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டின் பகுதி. சோதித்தவர்களுக்குரிய ஊதியம் தனியே வழங்கப்பட்டது.

இந்த மெழுகைப் பற்றிச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருமுறை உரைப்பதில் ஒட்டும் பொன் கண்ணுக்குத் தெரியாத அளவினது. பொன்னைக் கொண்டுவந்தவர் அதைப் பொருட்படுத்தப் போவதில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் ஊரார் அனைவரின் பொன்னையும் உரைக்கும் கல்லில் சேர்வது கணிசமான பொன். அதைச் சோதனை செய்பவரே வைத்துக்கொள்ளலாம் என்றால், தேவைக்கு மேல் உரைப்பதும் அழுத்தி உரைப்பதும் அவருக்கு ஆதாயமாகிவிடும். காசு கைமாறும் இடத்தில் நடுவே நிற்பவருக்குத் தவறு செய்யும் தூண்டுதல் எங்கே பிறக்கிறது என்பதைச் சரியாக அந்தப் புள்ளியிலேயே கண்டறிந்து, அந்தத் துகளைத் தனியாரிடமிருந்து எடுத்து ஊர்ப் பொது நீர்நிலைக்குத் திருப்பிவிட்ட சபையின் கூர்மைக்கு ஈடான ஏற்பாடு, பிற்காலத்தின் எத்தனையோ நிதிச் சட்டங்களில் காணக் கிடைக்கவில்லை.

காத்து வைப்பதிலும் இதே கவனம் இருந்தது. கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க ஒருவர் ஆடுகளைக் கொடுத்தால், பெரும்பாலும் 90 அல்லது 96 என்ற எண்ணிக்கையில் கொடுக்கப்பட்ட அவை ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டில் குறிக்கப்பட்டன. ஆடு சாகாது, மூப்படையாது என்பது இதன் பொருளன்று. செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் காக்கும் பொறுப்பு பெற்றுக்கொண்டவரைச் சேர்ந்தது என்பதே பொருள். பொன்னாகக் கொடுத்தால் முதல் அப்படியே நிற்க, பொலிசை எனப்பட்ட வட்டியிலிருந்து விளக்கு எரிய வேண்டும். வைத்தவருடைய பொருளையும் காப்பவருடைய பொருளையும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது என்ற கோட்பாடு அந்தச் சொற்களில் அடங்கியுள்ளது. நிபந்தனை கல்லில் இருந்தது. கல் எல்லோரும் நடமாடும் இடத்தில் இருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இக்கரையின் காசுத் தொழில் வேறொரு தோற்றம் கொண்டது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடப்பாக்கத்தை ஒட்டிய ஆலம்பரையில், உப்பங்கழியும் கடலும் சேரும் இடத்தில் இடிந்து கிடக்கும் கோட்டையில் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிக் காலத்தில் அக்கசாலை, அதாவது நாணயம் அச்சிடும் சாலை, இயங்கியது. வணிகர்கள் வெள்ளியையும் பொன்னையும் கொண்டுவந்து கொடுத்துக் கூலி செலுத்திக் காசாக அடித்துக்கொண்டு போவது அக்காலத்து முறை. ஆகவே அக்கசாலை உரிமை என்பது பெரும் வருவாய்க்குரிய உரிமையாக இருந்தது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்மா 1736இல் நவாப் தோஸ்து அலியிடம் பெரும்பொருள் செலவிட்டு ரூபாய் அச்சிடும் உரிமையைப் பெற்றார்.  ஆங்கிலக் கம்பெனி 1639ஆம் ஆண்டுச் சென்னைக் கொடையிலேயே காசடிக்கும் உரிமையைச் சேர்த்துப் பெற்றிருந்ததோடு, 1742இல் ஆர்க்காட்டு ரூபாய் அடிக்கும் உரிமையையும் நவாபிடமிருந்து பெற்றது. ஆலம்பரைக் கோட்டை 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயரால் கைப்பற்றப்பட்டு இடிக்கப்பட்டது. காசடிக்கும் உரிமைக்காக முன்கூட்டியே பெரும்பணம் கட்டுவது இக்கரைக்குப் புதிதன்று. ஆனால் அன்று கட்டியவர்கள் படையும் கப்பலும் உடைய கம்பெனிகள். கொடுத்த பணத்துக்கு ஈடாக நவாபின் முத்திரையிட்ட ஆவணம் அவர்கள் கையில் இருந்தது.

உழவர் கையில் அத்தகைய ஆவணம் எதுவும் இல்லை. நவாப் முகமது அலி 1763இல் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாய் பெறும் உரிமையோடு, கொடுத்த நிலப்பகுதியே செங்கற்பட்டு மாவட்டமாக உருவானது. 1780இல் கம்பெனி அதை நேரடி நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது.  அரசுக் கணக்கு வராகனில், அதாவது பொற்காசில், எழுதப்பட்டது. நெல் விற்றவர் கைக்கு வந்தது வெள்ளிப் பணமும் செம்புக் காசும். சென்னைக் கணக்கில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்று இருந்தாலும், சந்தையில் அந்த விகிதம் நாளுக்கு நாள், ஊருக்கு ஊர் மாறியது. ஒரே பெயருடைய ரூபாய்க்குக்கூட அது அச்சான ஊரைப் பொறுத்துக் கழிவு வேறுபட்டது. சம்பந்தர் காலத்து வாசி இப்போது ‘வட்டம்’ என்ற பெயரில் தொடர்ந்தது. வட்டத்தை நிர்ணயித்தவர் காசுக்கடைக்காரரான சராப்பு. அறுவடை முடிந்து எல்லோரும் ஒரே வாரத்தில் வராகன் தேடும்போது அதன் விலை ஏறுவதும், நிலவரித் தவணையான கிஸ்தியைக் கட்டி முடித்தபின் இறங்குவதும் இயல்பாக நடந்தன. விளைச்சலில் இழக்காததை உழவர்கள் காசுமாற்றில் இழந்தார்கள். கிரிப்டோ சந்தையில் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க முனையும்போது பரிமாற்றகத்தின் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி விரிவதைக் காண்பவர்களுக்கு இந்த நிலை விளங்கும்.

கம்பெனி 1818இல் சென்னை மாகாணத்தில் ரூபாயை முதன்மை நாணயமாக்கி, 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வகுத்தது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனி ஆட்சிப்பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. வட்டத்தை ஒழித்தது இந்த ஒருமைதான். ஆயினும் காத்து வைப்பவரைக் கட்டுப்படுத்தும் சட்டம் அதோடு சேர்ந்து வரவில்லை. சென்னையின் பெரும் வங்கி நிறுவனமான ஆர்பத்நாட் 1906 அக்டோபர் 22 அன்று கதவடைத்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் 18 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். வைத்தவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. பின்னர் நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்து வீழ்ந்த தொண்ணூறுகளில், வைப்பாளர் நலன் காக்க 1997இல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. ஒவ்வொரு வீழ்ச்சிக்குப் பின்னும் ஒரு காவல் ஏற்பட்டிருக்கிறது; ஆனால் அந்தக் காவல் அடுத்து வரும் காசின் வடிவத்தை முன்கூட்டி அறிந்ததில்லை.

புதிய காசின் வடிவம் 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் விவரிக்கப்பட்டு, 2009 ஜனவரி 3 அன்று இயங்கத் தொடங்கியது. பிட்காயின் என்பது எந்த அரசும் அச்சிடாத, எந்த வங்கியும் பதிவேடு வைக்காத காசு; யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு சென்றது என்ற பேரேட்டை உலகெங்கும் உள்ள கணினிகள் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்கின்றன. ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒருமுறை அப்பேரேட்டில் ஒரு புதிய பக்கம் சேர்க்கப்படுகிறது. அதைச் சேர்க்கும் உரிமை, குறிப்பிட்ட வடிவில் விடை வரும்வரை கோடானுகோடி முறை ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் போட்டியில் முதலில் விடை கண்ட கணினிக்குக் கிடைக்கிறது. பரிசாகப் புதிய பிட்காயின்களும் கிடைக்கின்றன. இந்தப் போட்டியில் ஈடுபடுவதற்கே மைனிங், அதாவது சுரங்கம் தோண்டுதல், என்று பெயர். தொடக்கத்தில் 50 ஆக இருந்த பரிசு ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகி, 2012இல் 25, 2016இல் 12.5, 2020இல் 6.25, 2024இல் 3.125 எனக் குறைந்தது. போட்டியிடும் கணினிகளின் வலிமை கூடினால் கணக்கின் கடினம் தானாகவே கூடும். எத்தனை பேர் தோண்டினாலும் வெளிவரும் காசின் அளவு கூடாது.

கணினி இயந்திரத்தை வாங்கியவர்களின் துயரம் முழுவதும் இந்தக் கடைசி விதியில் அடங்கியிருக்கிறது. தொடக்கத்தில் வீட்டுக் கணினியே போதுமானதாக இருந்தது. 2010 வாக்கில் விளையாட்டுகளுக்கான படவரைவு அட்டைகள் அந்த இடத்தைப் பிடித்தன. 2013இன் தொடக்கத்தில் இந்த ஒரே கணக்கை மட்டும் செய்வதற்கென்று வடிவமைக்கப்பட்ட ‘ஏசிக்’ எனும் சில்லுகள் பொருத்திய இயந்திரங்கள் வாங்குவோர் கையை எட்டின. அத்தகைய இயந்திரம் வேறு எந்த வேலைக்கும் பயன்படாது. வேகம் மிகுந்த இயந்திரம் ஒருவர் கையில் முதலில் இருந்தால் அவருக்கு லாபம். அதே இயந்திரம் எல்லோர் கைக்கும் வந்த பிறகு வந்தால் நட்டம். ஆகவே இயந்திரத்தின் விலையைவிட அது வந்து சேரும் நாளே முக்கியமாயிற்று. நெல் விதையைப் பருவம் தவறித் தரும் வணிகரிடம் விதை நன்றாக இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை அல்லவா?

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இயங்கிய பட்டர்ஃபிளை லேப்ஸ் என்ற நிறுவனத்தின் வரலாறு இதற்கு நன்கு பதிவான சான்று. அது 2012 நடுவில் முன்பணம் வாங்கத் தொடங்கியது. அவ்வாண்டின் இறுதிக்குள் இயந்திரம் வரும் என்று சொல்லப்பட்டது. ஆனால் 2013 செப்டம்பரில்கூட 20,000க்கும் மேற்பட்டோர் முழுப் பணம் கட்டியும் இயந்திரம் கிடைக்காமல் காத்திருந்ததாக அந்நாட்டின் வணிக ஒழுங்கு ஆணையம் 2014இல் வழக்குத் தொடர்ந்தது. விலை 149 டாலர் முதல் 29,899 டாலர் வரை இருந்தது. வந்து சேர்ந்த இயந்திரங்களோ பழசாகிவிட்டிருந்தன. ஆணையத்தின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று, வாடிக்கையாளருக்கு உரிய இயந்திரங்களை அனுப்புவதற்கு முன் நிறுவனமே அவற்றை இயக்கித் தனக்காகப் பிட்காயின் எடுத்துக்கொண்டது என்பதாகும். வழக்கு 2016இல் சமரசத்தில் முடிந்தது. நிறுவனம் அப்படித் தனக்காக எடுத்துக்கொண்டதாகச் சொல்லப்பட்ட பிட்காயினே, உத்திரமேரூர்ச் சபை மெழுகில் ஒற்றி எடுக்கச் சொன்ன பொன் துகள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர்ச் சபை எதிர்பார்த்த தூண்டுதலை இந்தப் புதிய சந்தையில் எதிர்பார்க்க ஒருவரும் அமர்த்தப்பட்டிருக்கவில்லை.

இந்தியாவில் இதே கதை இயந்திரத்தையே கண்ணில் காட்டாமல் நடந்தது. கெயின்பிட்காயின் என்ற திட்டத்தை 2015இல் தொடங்கிய அமித் பரத்வாஜ், தொலைவில் உள்ள சுரங்கக் கணினிகளின் திறனை வாடகைக்கு எடுத்துத் தருவதாகவும், கொடுத்த பிட்காயினுக்கு மாதம் 10 விழுக்காடு வீதம் 18 மாதங்களுக்குத் திருப்பித் தருவதாகவும் சொல்லி ஆள் சேர்த்தார். கொஞ்ச காலம் பிட்காயினாகவே வந்த பலன், பிறகு எம்கேப் என்ற அவர்களே உருவாக்கிய மதிப்புக் குறைந்த காசாக மாறியது. வைத்தது ஒரு காசு, கிடைத்தது வேறொரு காசு. வாசியின் மிகக் கொடிய வடிவம் இது. அவர் 2018இல் கைது செய்யப்பட்டு 2022இல் இறந்தார். திரட்டப்பட்ட தொகை சுமார் 6,600 கோடி ரூபாய் என்று புலனாய்வு அமைப்புகள் மதிப்பிட்டன. 2025 பிப்ரவரியிலும் மத்தியப் புலனாய்வுத் துறை பல நகரங்களில் சோதனை நடத்திக்கொண்டிருந்தது.

உண்மையான இயந்திரத்தை உரிய காலத்தில் வாங்கியவருக்கும் செங்கற்பட்டு மண்ணில் கணக்கு எளிதில் பலிக்காது. பிட்மெயின் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஆன்ட்மைனர் எஸ்9 என்ற பெயர்பெற்ற இயந்திரம் நொடிக்குச் சுமார் 13.5 இலட்சம் கோடி முறை அந்தக் கணக்கைப் போடும். அதற்குச் சுமார் 1,300 வாட் மின்சாரம் இழுக்கும். நாளுக்கு 31 யூனிட்டுக்கு மேல், இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 1,870 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 250 ரூபாய் மின்கட்டணம். அது இயங்க வேண்டிய வெப்பத்தின் மேல் வரம்பு 40 பாகை செல்சியஸ். கத்திரி வெயில் நாள்களில் இவ்வட்டாரத்தின் வெளிக்காற்றே அந்த வரம்பைத் தொடும். காற்றில் கடலின் உப்பும் ஈரமும் கலந்த மாமல்லபுரக் கரையில் மின்சுற்று அட்டைகள் விரைவில் துருப்பிடிக்கும். இயந்திரத்தின் இரண்டு விசிறிகள் எழுப்பும் இரைச்சலால் அதை மக்கள் படுத்துறங்கும் வீட்டில் வைக்கவும் இயலாது.

இவற்றையெல்லாம் சமாளித்தாலும் காலத்தைச் சமாளிக்க முடியவில்லை. உலகெங்கும் போட்டியிடும் கணினிகளின் மொத்த வலிமை 2016 நடுவிலிருந்து 2024க்குள் ஏறத்தாழ 400 மடங்கு பெருகியது. பரிசு நான்கில் ஒன்றாகக் குறைந்தது. இரண்டையும் சேர்த்தால், அதே எஸ்9 இயந்திரம் ஒரு நாளில் எடுக்கும் பிட்காயின் 1,600இல் ஒரு பங்காகிவிட்டது. ஒரு பிட்காயின் 65,000 டாலர் விற்ற 2024இல்கூட அதன் ஒரு நாள் விளைச்சல் ஏறத்தாழ 55 ரூபாய்தான். மின்செலவோ 250 ரூபாய். இதற்கு மேல் வரிச் சுமையும் வந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வருமான வரியும், ஜூலை 1 முதல் ஒவ்வொரு விற்பனையிலும் 1 விழுக்காடு பிடித்தமும் நடைமுறைக்கு வந்தன. ஒரு காசில் ஏற்பட்ட நட்டத்தை இன்னொன்றின் ஆதாயத்தில் கழிக்க இயலாது. சுரங்க இயந்திரத்துக்கும் அதன் கட்டமைப்புக்கும் செய்த செலவு, காசைப் பெறுவதற்கான செலவாக ஏற்கப்படாது என்று நிதி அமைச்சகம் 2022 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியது. ஏர், மாடு, விதை ஆகியவற்றின் செலவைக் கணக்கில் கொள்ளாமல் மொத்த விளைச்சலின் மீது வரி கேட்பதற்கு ஒப்பானது இது; வரி விதிப்பது நியாயமே என்று கருதுவோரும் இந்த ஒரு விதியை நியாயப்படுத்துவது கடினம்.

தோண்டுவதை விட்டு வாங்கியவர்கள் நாடியது பரிமாற்றகங்களை. எக்ஸ்சேஞ்ச் என்று எல்லோரும் சொல்லும் பரிமாற்றகம் என்பது ரூபாய்க்கும் கிரிப்டோ காசுக்கும் இடையில் நின்று மாற்றித் தரும் இணையக் காசுக்கடை. பழைய சராப்பு மாற்றித் தந்ததும் காசு வாடிக்கையாளர் மடிக்குப் போய்விடும். பரிமாற்றகத்திலோ பெரும்பாலோர் வாங்கிய காசை அங்கேயே விட்டுவைக்கிறார்கள். கிரிப்டோ காசுக்கு உரிமை என்பது ‘தனிச் சாவி’ எனப்படும் நீண்ட இரகசிய எண்ணைத் தெரிந்து வைத்திருப்பதே. அந்தச் சாவி பரிமாற்றகத்திடம் இருக்கும்போது வாடிக்கையாளரின் திரையில் தெரிவது காசு அன்று. இவ்வளவு தர வேண்டியுள்ளது என்ற குறிப்பு மட்டுமே. மாற்றுபவரும் காப்பவரும் ஒருவரே ஆகிவிட்டதால், தொழிலின் இரண்டு ஆபத்துகளும் ஒரே கூரையின் கீழ் வந்தன.

டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் பரிமாற்றகம் 2014 பிப்ரவரியில் 8,50,000 பிட்காயின்களைக் காணவில்லை என்று கூறித் திவாலானது. அதில் காசு வைத்திருந்தவர்களுக்கு அது திரும்பத் தொடங்கியது 2024 ஜூலையில். இத்தகைய காசுகள் குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2013 டிசம்பரிலேயே எச்சரிக்கை விடுத்திருந்தாலும், எச்சரிக்கைக்கு அப்பால் எந்த நோட்டக்காரரையும் அது அமர்த்தவில்லை. 2018 ஏப்ரலில் டில்லியின் காயின்செக்யூர் பரிமாற்றகத்திலிருந்து 438 பிட்காயின்கள் காணாமற்போயின. அதே மாதம் 6ஆம் நாள், கிரிப்டோ வணிகத்தோடு தொடர்புள்ளவர்களுக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. செப்டம்பரில் ஜெப்பே தன் பரிமாற்றகத்தை மூடியது; மறு ஆண்டில் காயின்டெல்டாவும் கோயினெக்ஸும் மூடின. தடை மோசக்காரர்களை விரட்டியதைவிட, முறையான வங்கி வழியை அடைத்து, வாங்க விரும்பியவர்களை அறிமுகமற்றவர்களோடு நேருக்கு நேர் மாற்றிக்கொள்ளும் நிலைக்குத் தள்ளியது என்றே மதிப்பிட வேண்டும். அச்சுற்றறிக்கையை 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் உண்டு, ஆனால் வங்கிகளுக்கு நேர்ந்த தீங்கு எதையும் காட்டாமல் எடுத்த இந்நடவடிக்கை அளவுக்கு மீறியது என்று தீர்ப்பை எழுதியவர் மன்னார்குடியில் பிறந்த நீதியரசர் வி. ராமசுப்பிரமணியன்.

வழி திறந்ததும் நல்லவர்களோடு மற்றவர்களும் வந்தார்கள். கோயம்புத்தூரில் 2022இல் தொடங்கப்பட்ட ஒரு கிரிப்டோ நிறுவனம், திரைநட்சத்திரங்களை அழைத்து விழா எடுத்து ஆள் சேர்த்ததாகப் புதுச்சேரி இணையவழிக் குற்றப் பிரிவு 2025இல் விசாரித்த வழக்கில், அவ்விழாக்களுள் ஒன்று நடந்த இடம் மாமல்லபுரத்து நட்சத்திர விடுதி. பணத்தை இழந்தவர்களுள் ஓய்வுபெற்ற அரசு ஊழியரும் இருந்தார். ஆலம்பரை அக்கசாலையின் இடிபாடுகளிலிருந்து அந்த விடுதிகள் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் உள்ளன.

இந்தியாவின் மிகப்பெரிய பரிமாற்றகங்களுள் ஒன்றான வசீர்எக்ஸிலிருந்து 2024 ஜூலை 18 அன்று சுமார் 23 கோடி டாலர், அதாவது ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள காசுகள் களவாடப்பட்டன. பலர் சேர்ந்து ஒப்பமிட்டால் மட்டுமே திறக்கும் பெட்டகத்திலிருந்தே அவை போயின. வட கொரியாவோடு தொடர்புடையவர்களே இதைச் செய்தார்கள் என்று அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா ஆகிய நாடுகள் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன. திருடு போனது மொத்த இருப்பில் பாதிக்கும் குறைவே என்றாலும், எல்லோருடைய கணக்கும் முடங்கியது. நிறுவனத்தின் தாய் அமைப்பு சிங்கப்பூரில் இருந்ததால் மறுசீரமைப்புத் திட்டம் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தின் முன் சென்றது. இழப்பை எல்லா வாடிக்கையாளர்களிடமும் பகிர்ந்து சுமத்துவது அதன் சாரம். பதினைந்து மாதம் கழித்து, 2025 அக்டோபர் 24 அன்று தளம் மீண்டும் திறந்தது.

அதற்கு மறுநாள் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய தீர்ப்பு இந்த வரலாற்றில் தனி இடம் பெறத் தக்கது. மனுதாரர் 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய் கொடுத்து 3,532.30 எக்ஸ்ஆர்பி காசுகளை அந்தப் பரிமாற்றகத்தில் வாங்கி வைத்திருந்தார். களவாடப்பட்டவை வேறு வகைக் காசுகள். ஆயினும் அவருடைய காசுகளும் முடக்கப்பட்டிருந்தன. சிங்கப்பூர் நடவடிக்கையைக் காரணம் காட்டி நிறுவனம் மறுத்தபோதும், பணம் சென்னையில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து சென்றிருப்பதால் இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று நீதியரசர் கூறினார். கிரிப்டோ காசு கையால் தொட முடியாததாகவும் சட்டபூர்வ நாணயம் அல்லாததாகவும் இருந்தாலும், அது உடைமை கொள்ளத்தக்க, அனுபவிக்கத்தக்க, நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கத்தக்க சொத்து என்று தீர்ப்பு வரையறுத்தது. கிரிப்டோபியா என்ற பரிமாற்றகம் பற்றிய வழக்கில் நியூசிலாந்து நீதிமன்றம் 2020இல் வந்தடைந்த முடிவையும் அது எடுத்துக்காட்டியது. பரிமாற்றகத்தில் இருப்பது பரிமாற்றகத்தின் பணமன்று, வைத்தவரின் பொருள் என்ற இந்நிலைப்பாடு, சாவா மூவாப் பேராட்டை ஏற்றுக்கொண்டவர்கள் கல்லில் ஒப்புக்கொண்ட நிலைப்பாடேயாகும்.

அத்தீர்ப்பின் பயன் இப்போதைக்குப் பரிமாற்றகத்தில் காசு வைத்தவரை மட்டுமே சாரும். பணம் கட்டி மாதக்கணக்கில் காத்திருந்து, பருவம் தவறி வந்த இயந்திரத்தைப் பெற்றுக்கொண்டவருக்குச் சொத்து கையில் இருக்கிறது; அது அவருடையது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. வராமற்போன நாள்களில் அது வேறு யாருக்காகத் தோண்டியது என்று கேட்டு, அந்தத் துகளை மெழுகில் ஒற்றி வாங்கும் வாரியம் இன்னும் அமையவில்லை.